ஹோம் தியேட்டர் அறைக்கு என்ன பெயிண்ட்? சுவரின் நிறமும் பூச்சும்

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை வீசுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். படத்தில் இருட்டான இடம் வரும்போது அந்தப் பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தை முடிந்தவரை குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அங்கே நாம் பார்க்கும் கறுப்பு என்பது அந்த நேரத்தில் திரைத்துணி எவ்வளவு இருண்டு கிடக்கிறதோ அதுதான். விளக்கை அணைத்தாயிற்று, ஜன்னலை மூடியாயிற்று, இனி அறை இருட்டுதானே என்று தோன்றும். ஆனால் அறைக்குள் இன்னொரு பெரிய விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அந்த விளக்கு, திரையேதான்.

ஒரு சின்னக் கணக்கு. குறுக்களவில் 100 அங்குலம் உள்ள 16:9 திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சத்தை லூமெனிலும், ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சத்தை லக்ஸிலும் சொல்வார்கள். உண்மையாகவே 2000 லூமென் தரும் புரொஜெக்டர் முழு வெள்ளைக் காட்சியைக் காட்டினால் திரையில் 700 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழும். அலுவலக மேஜையில் எழுத, படிக்கப் பரிந்துரைக்கப்படும் அளவு 500 லக்ஸ். சாதாரண வெள்ளைத் திரை இந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்கு மட்டும் அனுப்புவதில்லை. எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. கூரைக்கும் பக்கச் சுவருக்கும் தரைக்கும் போகும் அந்த வெளிச்சத்தை வெள்ளைச் சுவர் அப்படியே வாங்கித் திருப்பி அனுப்புகிறது. அது திரும்பி வந்து விழும் இடங்களில் படத்தின் கறுப்புப் பகுதியும் ஒன்று.

ஒரு காட்சியில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பகுதியின் பிரகாசத்தில் வெறும் 2 சதவீதம் அறையில் பட்டுத் திரும்பி வந்து கறுப்புப் பகுதியில் விழுந்தால் போதும், அந்தக் காட்சியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 50க்கு 1 ஆகச் சுருங்கிவிடும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் அச்சிட்டிருக்கும் கான்ட்ராஸ்ட் எண்ணுக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. அந்த எண் பெரும்பாலும் முழு வெள்ளைக் காட்சியையும் முழுக் கறுப்புக் காட்சியையும் தனித்தனியாக அளந்து எடுத்தது. நாம் பார்க்கும் படத்திலோ வெளிச்சமும் இருட்டும் ஒரே காட்சிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் நல்ல புரொஜெக்டர் வாங்கியும் படம் வெளிறித் தெரிகிறது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சுவரைப் பற்றி. அடுத்த மாடல் புரொஜெக்டருக்குக் கூடுதல் பணம் போடுவதற்கு முன்னால் நாலு டின் பெயிண்டுக்குப் போடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்கோப் வடிவில், அதாவது 2.39:1 அகலத்தில் எடுத்த படத்தை 16:9 திரையில் ஓட்டும்போது மேலேயும் கீழேயும் காலியாகப் பட்டை விழும். ஒவ்வொரு பட்டையும் திரை உயரத்தில் ஏறக்குறைய 13 சதவீதம். வெயிலில் எடுத்த பிரகாசமான காட்சி வரும்போது அந்தப் பட்டைகளைக் கவனியுங்கள். இருட்டுக் காட்சியில் கறுப்பாக இருந்தவை அப்போது சாம்பலாக எழும்பினால், உங்கள் அறை படத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

திரைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

எந்தச் சுவருக்கு முதலில் பெயிண்ட் என்று முடிவு செய்ய எளிய வழி இது. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, புரொஜெக்டரில் வெறும் வெள்ளைப் படம் ஒன்றை முழுத் திரைக்கும் போடுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் அறையைப் பாருங்கள். எது பளிச்சென்று ஒளிர்கிறதோ அதுதான் முதல் எதிரி.

பெரும்பாலான வீடுகளில் அது கூரையாகத்தான் இருக்கும். இப்போது கட்டும் வீடுகளில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு வெள்ளை அடிப்பது வழக்கமாகிவிட்டது. திரையின் மேல் விளிம்பிலிருந்து ஒன்று ஒன்றரை அடியில் அந்த வெள்ளைப் பரப்பு தொடங்கிவிடும். பக்கச் சுவர்களை அழகாக இருட்டாக்கிவிட்டுக் கூரையை வெள்ளையாக விடுகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். சுவரா கூரையா, ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் நான் கூரையைச் சொல்வேன்.

அடுத்தது தரை. நம்மூர் வீடுகளில் இது பெரிய விஷயம், ஏனென்றால் விட்ரிஃபைட் டைல்ஸ் பளபளவென்று பாலிஷ் போட்டு வருகிறது. திரைக்கு முன்னால் அந்தத் தரையில் படமே தலைகீழாகத் தெரியும். டைல்ஸைப் பெயர்க்க வேண்டியதில்லை. திரைக்கும் முதல் வரிசை இருக்கைக்கும் இடையில் அடர்ந்த நிறத்தில் ஒரு கார்ப்பெட்டோ கனமான ஜமுக்காளமோ விரித்தால் தீர்ந்தது. எதிரொலியும் கொஞ்சம் அடங்கும்.

பிறகு பக்கச் சுவர்கள். திரையை ஒட்டிய முதல் ஐந்தாறு அடிதான் மிக முக்கியம். திரையிலிருந்து விலக விலக சுவரில் விழும் வெளிச்சமும் குறைகிறது, அது திரும்பி வந்து திரையைத் தொடுவதும் குறைகிறது. திரை மாட்டியிருக்கும் சுவரில் படும் வெளிச்சம் நேராகத் திரைக்குத் திரும்பாது. ஆனால் படத்தைச் சுற்றி நம் கண் பார்த்துக்கொண்டே இருக்கும் பரப்பு அது, எனவே அதையும் இருட்டாக்குவது நல்லது. பின்சுவர் கடைசி. அதே சமயம் அறை சிறியது, பின்சுவர் திரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடியில் நேர் எதிரே நிற்கிறது என்றால் அதையும் விட்டுவிட முடியாது.

சுவரை முடித்தபின் சின்னப் பொருட்கள் கண்ணில் படும். வெள்ளை சீலிங் ஃபேன், திரைக்கு மேலேயே மாட்டிய வெள்ளை ஏசி, கண்ணாடி போட்ட புகைப்படங்கள், பாலிஷ் அடித்த தேக்குக் கதவு, ஷோகேஸ். ஃபேனை அடர் பழுப்பு நிறத்தில் மாற்றலாம். கண்ணாடிச் சட்டங்களை வேறு அறைக்குக் கொண்டுபோகலாம். கதவுக்கு ஒரு திரைச்சீலை போதும்.

நிறத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பெயிண்ட் கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்ஆர்வி என்று ஓர் எண் வைத்திருக்கின்றன. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அது. கணக்குக்கு 0 முதல் 100 வரை என்றாலும் நடைமுறையில் சுவர் பெயிண்ட் இரண்டு முனையையும் தொடுவதில்லை. வழக்கமான வெள்ளைகள் 80களில் இருக்கும். அமெரிக்காவின் ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனி விற்கும் டிரைகார்ன் பிளாக் என்ற கறுப்பின் எண் 3. ஷேடு கார்டில் இந்த எண் அச்சிடப்படவில்லை என்றால் கம்பெனியின் இணையதளத்தில் தேடலாம், இல்லையென்றால் டீலரிடம் கேட்கலாம்.

வெளிர் சாம்பல், பீஜ், சந்தன நிறம் எல்லாம் கண்ணுக்கு அடங்கினாற்போலத் தெரியும். ஆனால் எல்ஆர்வி பார்த்தால் பலவும் 50, 60 என்று நிற்கும். வெள்ளையைவிடக் கொஞ்சம்தான் பரவாயில்லை. புரொஜெக்டர் அறைக்கு 10க்குக் கீழே வேண்டும், திரைக்குப் பக்கத்தில் 5 அளவுக்கு வந்தால் இன்னும் நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சம் ஒரே ஒரு சுவரில் மட்டும் பட்டுத் திரும்புவதில்லை. கூரையில் பட்டு, பக்கச் சுவரில் பட்டு, அப்புறம் திரைக்கு வரும் வெளிச்சமும் உண்டு. எல்ஆர்வி 80 உள்ள வெள்ளையில் இரண்டு முறை பட்டால் 100 பங்கில் 64 பங்கு மிஞ்சும். எல்ஆர்வி 10 உள்ள அடர் சாம்பலில் இரண்டு முறை பட்டால் 100 பங்கில் 1 பங்குதான் மிஞ்சும். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல் என்றால் 8 பங்கு. அறையில் இருண்ட பரப்பு கூடக் கூட பலன் ஏன் பெருகிக்கொண்டே போகிறது என்பது இதில் புரியும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் 'ஆக்சென்ட் வால்' என்று அடர் நிறம் அடிப்பது ஹாலுக்கு அழகு சேர்க்கலாம், படத்துக்கு அது போதாது.

சரி, அப்படியானால் கறுப்பேதான் அடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எல்ஆர்வி ஒன்றாக இருந்தால் கரும்பழுப்பும் கருநீலமும் அடர் சாம்பலும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் விழுங்கும். வேறுபாடு, மிச்சம் திரும்பி வருவதன் நிறத்தில் இருக்கிறது. சிவப்புச் சுவர் சிவப்பைத் திருப்பி அனுப்பும், பச்சைச் சுவர் பச்சையை. அது திரையில் விழும்போது முதலில் கெடுவது முகத்தின் தோல் நிறம். கண் அதில்தான் மிகக் கூர்மை. வீடியோவுக்கான வெள்ளை நிறத்துக்கு உலகத் தரம் ஒன்று உண்டு. டி65 என்பார்கள், ஏறக்குறைய 6500 கெல்வின். அந்த வெள்ளைக்குப் புரொஜெக்டரை அளந்து சரிசெய்துவிட்டு ஆரஞ்சுச் சுவருக்குப் பக்கத்தில் ஓட்டினால் அந்த உழைப்பு வீண். படங்களுக்கு நிறம் சரிசெய்யும் கலர் கிரேடிங் அறைகளில் சுவரைச் சாயல் இல்லாத சாம்பலில் வைப்பதும் இதற்காகத்தான்.

சாயல் இல்லாத சாம்பல் என்பதைக் கடையில் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதில்லை. சாம்பல் என்று விற்பவற்றில் பாதிக்கு மேல் உள்ளே நீலமோ பச்சையோ ஊதாவோ கலந்திருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. நாலைந்து சாம்பல் அட்டைகளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று தானாகப் பிரிந்து தெரியும். எதுவாகவும் தெரியாத ஒன்றை எடுங்கள்.

சினிமா தியேட்டர்களில் சிவப்பு வெல்வெட்டும் மெரூன் இருக்கையும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் இருண்டு போகும், நீலம் அவ்வளவு சீக்கிரம் மங்காது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்னதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. விளக்கு எரியும்போது ஆடம்பரமாகத் தெரியும் மெரூன், படம் தொடங்கியதும் கிட்டத்தட்டக் கறுப்பாக அடங்கிவிடும். ஆகவே பின்சுவருக்கும் இருக்கைக்கும் மெரூன் நல்ல தேர்வு. திரைக்கு அருகில் மட்டும் வேண்டாம். அங்கே வெளிச்சம் போதுமான அளவு இருப்பதால் சிவப்பு சிவப்பாகவே வேலை செய்யும்.

முழுக் கறுப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1970இல் நியூயார்க்கில் ஆன்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் என்ற அமைப்பு திறந்த அரங்கை ஆஸ்திரிய இயக்குநர் பீட்டர் குபெல்கா வடிவமைத்தார். அரங்கம் முழுக்கக் கறுப்பு, வெல்வெட் போர்த்தியது. பக்கத்தில் இருப்பவர்கூடக் கண்ணில் படாதபடி ஒவ்வொரு இருக்கைக்கும் மறைப்பு. கண்ணுக்குத் தெரியாத சினிமா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பார்வையாளருக்குத் திரை ஒன்று மட்டும்தான் உலகம். வீட்டில் அத்தனை தூரம் போக வேண்டாம், ஆனால் நாம் எதை நோக்கிப் போகிறோம் என்பது அந்த அரங்கத்தை நினைத்தால் விளங்கும்.

நிறத்தைவிடப் பூச்சில்தான் அதிகம் ஏமாறுகிறோம்

நிறத்தில் மணிக்கணக்காக யோசிப்பவர்கள் பூச்சை, அதாவது பெயிண்ட் காய்ந்தபின் பளபளக்குமா பளபளக்காதா என்பதை, கடைக்காரர் சொன்னபடி எடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர் பெரும்பாலும் லேசான மினுமினுப்புள்ளதைத்தான் எடுத்து வைப்பார், ஏனென்றால் வீட்டில் குழந்தைகள் கிறுக்கினால் துடைக்கலாம், சுவரும் புதுசுபோல மினுங்கும். நம் ஊரில் விலை கூடிய எமல்ஷன் என்றாலே பளபளப்பு என்று ஒரு எண்ணமும் இருக்கிறது. ஹாலுக்கு அது சரி. தியேட்டர் அறைக்கு நேர்மாறு.

காரணம் இது. சுவரில் படும் வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒன்று, பெயிண்டின் நிறத்துக்குள் புகுந்து எல்லாப் பக்கமும் சிதறி வருவது. இன்னொன்று, மேல்பரப்பில் பட்டுக் கண்ணாடியில் படுவதுபோல நேராகத் துள்ளி வருவது. முன்னதைக் குறைப்பது இருண்ட நிறம். பின்னதை நிறத்தால் குறைக்க முடியாது. கறுப்புக் கார் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அதில் தெருவிளக்கு மின்னத்தானே செய்கிறது. பளபளப்பான கறுப்புச் சுவரில் திரையின் பிம்பமே நீளமாகத் தெரியும். சுற்றிலும் இருட்டு என்பதால் வெள்ளைச் சுவரில் தெரிவதைவிட இன்னும் உறுத்தலாகத் தெரியும்.

பளபளப்பில்லாத பூச்சுக்கு மேட் என்று பெயர். பெயிண்ட் எப்படி மேட் ஆகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. பெயிண்டில் நிறத்துகளும் நிரப்புத்துகளும் அவற்றைப் பிடித்து வைக்கும் பிசினும் இருக்கின்றன. பிசின் அதிகமாக இருந்தால் அது துகள்களை மூடி வழவழப்பான ஏடாகக் காய்கிறது, பளபளக்கிறது. துகள் அதிகமாக இருந்தால் அவை மேலே முட்டிக்கொண்டு நிற்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில் மேல்பரப்பு கரடுமுரடாகிறது, வெளிச்சம் சிதறுகிறது. மேட் பெயிண்டைத் துடைத்தால் தடம் விழுவதற்கும் இதே அமைப்புதான் காரணம். தேய்க்கும்போது முட்டிக்கொண்டிருந்தவை மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஆக, துடைக்கிற வசதியும் மேட் தன்மையும் ஒன்றுக்கொன்று இழுபறி. இந்த அறையில் நான் மேட் பக்கம்தான் நிற்பேன். இப்போது துடைக்கக்கூடிய மேட் எமல்ஷன்களும் வருகின்றன, பட்ஜெட் இருந்தால் அதில் போகலாம்.

பளபளப்பை அளக்கவும் அலகு உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் எம்பிஐ (மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிடியூட்) தரவரிசையில் முழு மேட் என்றால் 60 பாகைக் கோணத்தில் அளக்கும்போது 5 அலகுக்கு மேல் போகக்கூடாது. சாட்டின் 20 முதல் 35, செமி கிளாஸ் 35 முதல் 70. கடையில் மேட் என்று கேட்டு வாங்குங்கள். சில்க், சாட்டின், ஷீன், லஸ்டர் என்ற சொற்கள் டின்னில் இருந்தால் தள்ளி வையுங்கள். கதவு நிலைக்கு அடிக்கும் எனாமலைச் சுவர்ப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மேட் பெயிண்டும் சாய்ந்த கோணத்தில் பார்த்தால் பளபளக்கும். சுவரை நேராகப் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. சுவரோடு சுவராகக் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் ஒரு மினுக்கம் தெரியும். தியேட்டர் அறையில் பக்கச் சுவரை நாம் பார்ப்பது எப்போதும் அப்படித்தான். திரையின் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு வருகிறது, அதே சாய்வில் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நம் கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் அந்தத் தரவரிசையிலேயே 85 பாகையில் தனியாக ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். முழு மேட் அதில் 10 அலகுக்குள் இருக்க வேண்டும்.

கருவி இல்லாமல் சோதிக்க வழி சொல்கிறேன். ஒன்றரை அடி நீளமுள்ள அட்டையில் சாம்பிள் பெயிண்டை இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை அட்டையின் ஒரு முனையில் மேல்பரப்பை உரசுவதுபோலப் பிடியுங்கள். எதிர் முனையிலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டு மூன்று பிராண்டுகளின் மேட்டை இப்படி ஒப்பிட்டால் எது உண்மையான மேட் என்பது உடனே தெரிந்துவிடும். எல்லாமே மேட் என்றுதான் எழுதி வருகின்றன, எல்லாம் ஒன்றல்ல.

பெயிண்ட் எட்டாத இடத்துக்குத் துணி போகும். வெல்வெட்டில் நூல்முனைகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. உள்ளே போன வெளிச்சம் அவற்றுக்கு இடையில் மாறிமாறிப் பட்டு அடங்கிவிடுகிறது. நல்ல கறுப்பு வெல்வெட் எந்தச் சாதாரண கறுப்புப் பெயிண்டையும்விட இருட்டு. விலையுயர்ந்த திரைகளின் ஓரச் சட்டத்துக்குக் கறுப்பு வெல்வெட் ஒட்டியிருப்பது இதனால்தான். ஜப்பானின் கோயோ ஓரியன்ட் கம்பெனி முசோ பிளாக் என்றொரு பெயிண்ட் விற்கிறது. விழும் வெளிச்சத்தில் 99.4 சதவீதம் வரை விழுங்கும் என்று அந்தக் கம்பெனி சொல்கிறது. ஆனால் கை பட்டாலே தடம் விழும் பூச்சு அது, வீட்டுச் சுவருக்கு உகந்ததல்ல.

வெல்வெட்டை அறை முழுக்கப் போர்த்த வேண்டாம். மர ரீப்பரில் சட்டம் அடித்து, துணியை இழுத்து ஸ்டேப்பிள் போட்டு, திரையை ஒட்டிய நாலைந்து அடிக்குக் கூரையிலும் பக்கச் சுவரிலும் மாட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். சென்னை என்றால் கோடவுன் தெரு மாதிரி மொத்தத் துணிக்கடைப் பகுதிகளில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். வாங்கும் முன் டார்ச் சோதனையை அங்கேயே செய்து பாருங்கள். பாலியெஸ்டர் வெல்வெட் சிலது பட்டுப்போல மினுங்கும். தைக்கும்போது எல்லாத் துண்டிலும் நூல் சாயும் திசை ஒன்றாக இருக்க வேண்டும், மாறினால் ஒரு துண்டு மட்டும் வெளிறித் தெரியும். சுவிட்ச் போர்டையும் சூடேறும் விளக்கையும் துணியால் மூடிவிடாதீர்கள். தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும் பூச்சுள்ள துணி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இப்போது இன்டீரியர் கடைகளில் லூவர் பேனல் நிறைய ஓடுகிறது. பிவிசி, சார்கோல் என்று வரும் அந்த வரிவரியான பலகைகளின் ஒவ்வொரு வரியிலும் ஒரு மினுக்கக் கோடு விழும். பின்சுவரில் இருக்கட்டும். திரைப் பக்கம் வேண்டாம். மெட்டாலிக் டெக்ஸ்சர், தங்க நிற பீடிங், கிளாஸி லேமினேட் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மர வேலை வேண்டும் என்றால் மேட் அல்லது ஸ்வேட் (suede) லேமினேட் கேளுங்கள்.

டிவி என்றால் கதை வேறு

மேலே சொன்னதெல்லாம் புரொஜெக்டருக்கு. பெரிய டிவி வைக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறுகிறது. டிவியின் பேனல் இயல்பிலேயே இருட்டு, வெள்ளைத் திரைபோலப் பக்கத்துச் சுவரின் வெளிச்சத்தை வாங்கி வெளிறாது. ஆனால் அதன் முன்பக்கம் கண்ணாடிபோல எதிரே இருப்பதைக் காட்டும். அதனால் டிவிக்கு முக்கியமான சுவர் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வெள்ளைச் சுவரும் ஜன்னலும் விளக்கும் இருந்தால் இருட்டுக் காட்சியில் அவையெல்லாம் டிவிக்குள் தெரியும். பின்சுவரை அடர் நிறத்தில் மேட் அடியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள்.

டிவிக்குப் பின்னால் உள்ள சுவர் கறுப்பாக இருக்கவே வேண்டாம். நடுத்தர சாம்பலில், சாயல் இல்லாமல் இருந்தால் போதும். டிவியின் பின்பக்கம் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டை ஒட்டி மங்கலாக எரியவிட்டால் கண்ணுக்கு உறுத்தல் குறையும், கறுப்பும் இன்னும் ஆழமாகத் தோன்றும். அந்தச் சுவர் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் 6500 கெல்வின் விளக்கும் அந்த நிறத்தில்தான் தெரியும். நிறம் மாறிமாறி ஓடும் எல்இடி பார்க்க உற்சாகமாக இருக்கும், படத்தின் நிறத்தைக் கணிக்கக் கண்ணுக்கு உதவாது.

வீட்டில் கறுப்பு வேண்டாம் என்றால்

சுவருக்குக் கறுப்பா, வீட்டுக்கு ஆகாதே என்று பெரியவர்கள் சொல்வது நம் வீடுகளில் சகஜம். அதை மதித்தே செய்ய வழியிருக்கிறது. கரும்பழுப்பு, காப்பிக்கொட்டை நிறம், கருநீலம், பாட்டில் பச்சை, அடர் சாம்பல் என்று எல்ஆர்வி 10க்குள் எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன. மேட்டில் அடித்தால் பகலில் கண்ணியமாகத் தெரியும், படம் ஓடும்போது கறுப்போடு சேர்ந்துவிடும். திரையை ஒட்டிய பகுதிக்குச் சாம்பல், தள்ளியிருக்கும் பகுதிக்குப் பழுப்போ மெரூனோ என்று பிரித்துக்கொள்ளலாம்.

தனி அறையே இல்லை, ஹால்தான் தியேட்டர் என்றால் சுவரை மாற்றாமல் திரைச்சீலையை மாற்றுங்கள். பக்கச் சுவர் இரண்டிலும் கூரையை ஒட்டி டிராக் போட்டு அடர் நிற வெல்வெட் திரைச்சீலை தொங்கவிட்டால், படம் பார்க்கும்போது மட்டும் திரைப் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். மற்ற நேரம் ஹால் ஹாலாகவே இருக்கும். வாடகை வீட்டுக்கும் இதுதான் சிறந்தது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். அதுவும் முடியாது என்றால் ஏஎல்ஆர் வகைத் திரை ஒன்றுதான் மிச்சம். குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் நம் பக்கம் அனுப்பி, கூரையிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதை ஒதுக்கும் திரை அது. விலை அதிகம். பெயிண்ட் அடிக்க முடிகிறவர்கள் அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

பெயிண்டரிடம் பேசும்போது

அடர் நிறத்துக்குத் தயாரிப்பு வேலை கொஞ்சம் கூடுதல். புதுப் பூச்சு என்றால் சிமென்ட் 28 நாளாவது காயட்டும். ஓதம் ஏறும் சுவராக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் இருண்ட பெயிண்ட் அடிக்கவே கூடாது. வெள்ளைச் சுவரில் தெரியாத உப்புப் பூத்தல், அடர் சாம்பலில் மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

வெள்ளைப் பெயிண்டுக்கு மறைக்கும் சக்தி தருவது டைட்டானியம் டையாக்சைடு. அடர் நிறங்களைக் கலக்கும் டீப் பேஸில் அது மிகக் குறைவு, அதனால் இரண்டு கோட்டில் கீழே உள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் சாயல் கலந்த பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், மூன்றாவது கோட்டுக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் ஈரம் காய்வதற்குள் இடைவிடாமல் முடிக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போய்வந்து தொடர்ந்தால் ரோலர் தடம் பட்டையாக நிற்கும். பட்டியைத் தேய்த்தபின் தூசியைத் துடைக்காமல் அடித்தாலும் அடர் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஆறுதல், மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளத்தை நன்றாக மறைக்கும்.

நிறத்தை உறுதி செய்யும் முன் சாம்பிள் அட்டையை அதே அறையில், திரைக்கு அடுத்த சுவரில் ஒட்டி, இரவில் புரொஜெக்டரை ஓட்டிப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் பயமுறுத்தும் அளவுக்கு இருட்டாகத் தெரிந்த நிறம், திரை வெளிச்சத்தில் எதிர்பார்த்ததைவிட வெளிர்ந்து தெரியும். இரண்டு நிறத்துக்கு நடுவில் தடுமாறினால் இருட்டானதை எடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு லிட்டராவது மிச்சம் வைத்து, டின்னின் மேல் ஷேடு எண்ணையும் பேஸின் பெயரையும் எழுதி மூடி வையுங்கள். கை பட்டுத் தடம் விழும் இடங்களைத் துடைத்துத் தேய்ப்பதைவிட, சின்ன ரோலரில் அதே பெயிண்டைத் தொட்டு மேலே ஒற்றிவிடுவது நல்லது. பளபளப்பான பூச்சில் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். மேட்டில் காய்ந்ததும் கலந்துவிடும்.